பாதியில் நிற்கும் வேலைகள்: வாசகர் கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் மிகப் பலவும் ஒரே சிக்கலைச் சொல்லின. செய்யவேண்டும் என்று தெரிந்தும், செய்ய மனம் இருந்தும், ஒரு வேலையைத் தொடங்காமலோ தொடங்கியதை முடிக்காமலோ நாள்கள் கழிந்துவிடுகின்றன என்று எழுதியிருந்தீர்கள். எனவே இந்தப் பகுதியில் அவற்றுக்கு மட்டுமே பதில் சொல்கிறேன். கடிதம் எழுதியவர்களின் பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

கேள்வி: முனைவர் பட்ட ஆய்வேட்டில் ஐந்து இயல்களுள் மூன்றை எழுதி முடித்துவிட்டேன். நான்காம் இயலைத் தொட்டு ஓராண்டுக்கு மேல் ஆகிறது. ஒவ்வொரு நாளும் இன்று எழுதியே தீருவது என்று உட்கார்கிறேன். மேசையைத் துடைக்கிறேன், மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுகிறேன், அடிக்குறிப்புகளை ஒழுங்குபடுத்துகிறேன், பொழுது போய்விடுகிறது. நான் சோம்பேறிதானா?

பதில்: சோம்பேறி மேசையைத் துடைக்கமாட்டார். நான்காம் இயலைத் தவிர மற்ற வேலைகளையெல்லாம் நீங்கள் ஒழுங்காகவே செய்துகொண்டிருக்கிறீர்கள் என்பதை உங்கள் கடிதமே காட்டுகிறது. உழைக்க நீங்கள் தயங்குவதில்லை. அந்த ஒரு கோப்பைத் திறக்கும்போது உள்ளே எழுகிற மலைப்பையோ அச்சத்தையோ சலிப்பையோ தாங்கமுடியாமல் வேறு பக்கம் திரும்பிவிடுகிறீர்கள். ஃபியூஷா சிரோய், திமதி பிச்சில் என்ற உளவியலாளர்கள் 2013-இல் வெளியிட்ட கட்டுரை இந்தக் கருத்தைத்தான் முன்வைக்கிறது. வேலையைத் தள்ளிப்போடுபவருக்கு அதனால் பின்னால் வரும் கேடு தெரியாமல் இல்லை. இந்தக் கணத்தில் மனத்தை உறுத்துவதை அகற்றுவது அவருக்கு அதைவிட அவசரமாகப் படுகிறது. கோப்பை மூடியவுடன் ஒரு நிம்மதி வருகிறதல்லவா, அந்த நிம்மதிதான் மறுநாளும் உங்களைக் கோப்பை மூடவைக்கிறது.

ஆகவே கால அட்டவணை போடுவதற்கு முன்னால், உங்களை விலகி ஓடவைப்பது எது என்று கண்டறியுங்கள். ஆய்வு மாணவர்கள் எழுதும் கடிதங்களைப் படித்த அளவில், அது பெரும்பாலும் மூன்றில் ஒன்றாக இருப்பதைக் கண்டிருக்கிறேன். திரட்டிய தரவுகள் முன்னுரையில் சொன்ன கருதுகோளோடு ஒத்துப்போகவில்லை என்பது உங்களுக்கு உள்ளூரத் தெரிந்திருக்கலாம். அப்படியானால் எழுதி எழுதி அதைத் தீர்க்கமுடியாது, நெறியாளரிடம் மனம்விட்டுப் பேசினால்தான் தீரும். முந்தைய இயலைப் படித்துவிட்டு யாரோ சொன்ன கடுஞ்சொல் இன்னும் காதில் ஒலித்துக்கொண்டிருக்கலாம். அப்படியானால், யாருக்கும் காட்டுவதில்லை என்ற முடிவோடு முதல் வரைவை எப்படி வருகிறதோ அப்படியே எழுதித் தள்ளுங்கள், திருத்துவது பிறகு நடக்கட்டும். இவை இரண்டும் இல்லையென்றால், இயலை எங்கே தொடங்குவது என்பதே உங்களுக்குப் பிடிபடாமல் இருக்கக்கூடும். “நான்காம் இயலை எழுதவேண்டும்” என்று குறித்துவைத்திருப்பீர்கள். அந்த ஒரு வரிக்குள் எத்தனையோ வேலைகள் ஒளிந்துகிடப்பதால், அதைப் பார்த்தால் கை எதிலும் போகாது. “முதல் அட்டவணை எதைக் காட்டுகிறது என்று மூன்று வாக்கியம் எழுதவேண்டும்” என்று குறித்திருந்தால் கை தானாக அதற்குப் போகும்.

ஓராண்டு இடைவெளி விட்ட வேலைக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. விட்ட இடத்தின் நினைவு கலைந்திருக்கும். அன்றைய குறிப்புகளே இன்று வேறொருவர் எழுதியவை போலத் தோன்றும். ஆகவே முதல் சில நாள்களுக்கு எழுதுவதை இலக்காக வைத்துக்கொள்ளாமல், பழைய குறிப்புகளைப் படித்து, எது எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு பக்கத்துக்கு எழுதிவைப்பதை மட்டும் வேலையாகக் கொள்ளுங்கள். இதற்கிடையில் முதல் இயலை எடுத்துச் செம்மைப்படுத்தலாம் என்ற ஆசை நிச்சயமாக வரும். அது உழைப்பின் வேடத்தில் வருகிற தள்ளிப்போடல்தான், இடம் கொடுக்காதீர்கள். மீண்டும் எழுதத் தொடங்கிய பிறகு, ஒவ்வொரு நாளும் நிறுத்தும்போது அடுத்து எழுதவேண்டிய வாக்கியம் எதைப் பற்றியது என்று ஒரு வரி குறித்துவிட்டு எழுந்தால், மறுநாள் தொடங்குவதில் பாதிச் சிரமம் குறையும்.

எப்போது முடிப்பீர்கள் என்று யாராவது கேட்டால் நாள் குறித்துச் சொல்லிவிடாதீர்கள். ரோஜர் பியூலரும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1994-இல் வெளியிட்ட ஆய்வில், இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை முடிக்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள்கள் என்று கணித்தார்கள். எல்லாமே தவறிப்போனால்கூட 49 நாள்கள் போதும் என்றார்கள். உண்மையில் சராசரியாக 55 நாள்களுக்கு மேல் ஆயிற்று. படுமோசமான நிலைமையைக் கற்பனை செய்யும்போதுகூட நாம் நம் மீது இவ்வளவு நம்பிக்கை வைத்துவிடுகிறோம். கடந்த மூன்று இயல்களுக்கும் மெய்யாகவே எத்தனை மாதங்கள் பிடித்தன என்று பாருங்கள். இனி ஆகப்போகும் காலத்துக்கு அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

கேள்வி: எனக்குக் கெடு நெருங்கினால்தான் மூளை வேலை செய்கிறது. கடைசி இரண்டு நாளில் செய்து முடிப்பதே என் பாணி. இதை ஏன் குறையாகப் பார்க்கவேண்டும்?

பதில்: முடித்துக் கொடுக்கிறீர்கள் என்றால் உலகம் உங்களைக் குறை சொல்லாது. ஆனால் கடைசி நேரத்தில் செய்ததோடு ஒப்பிட, நிதானமாகச் செய்த வேலை ஒன்றுகூட உங்களிடம் இருக்காதே, பிறகு எதை வைத்து இதுவே சிறந்த பாணி என்று முடிவு செய்தீர்கள்? டயான் டைஸ், ராய் பாமைஸ்டர் இருவரும் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களைப் பருவம் முழுவதும் கவனித்தார்கள். தள்ளிப்போடுபவர்கள் பருவத் தொடக்கத்தில் மற்றவர்களைவிட மன அழுத்தம் குறைந்தும் உடல்நலத்தோடும் இருந்தார்கள். பருவ இறுதியில் நிலைமை தலைகீழாக மாறியது, அதுவரை அனுபவித்த சுகத்தைவிடக் கடைசியில் பட்ட பாடு அதிகமாக இருந்தது, மதிப்பெண்களும் குறைந்தன. நெருக்கடி உங்களுக்குத் திறமையைத் தருவதாக நினைக்கிறீர்கள். அது தருவது சாக்குப்போக்குக்கு இடமில்லாத நிலையை மட்டுமே என்பது என் எண்ணம். அந்த நிலையை முன்கூட்டியே உண்டாக்கிக்கொள்ள வழி இருக்கிறது: வேலையின் முதல் பகுதியை இன்ன நாளில் பார்க்கத் தருகிறேன் என்று, காத்திருக்கக்கூடிய ஒருவரிடம் சொல்லிவையுங்கள். உங்களுக்கு நீங்களே வைத்துக்கொள்ளும் கெடுவை நீங்களே தளர்த்திவிடலாம். இன்னொருவர் காத்திருக்கும்போது அது அவ்வளவு எளிதாக இருக்காது.

கேள்வி: 25 நிமிடத்துக்கு மணி வைத்து வேலை செய்யச் சொல்கிறார்களே, அதில் பயன் உண்டா?

பதில்: உண்டு. அந்த முறையை 1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற இத்தாலியர் மாணவராக இருந்தபோது உருவாக்கினார். தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தில் நேரம் வைத்துக்கொண்டு படித்தார். 25 என்ற எண்ணில் மந்திரம் எதுவும் இல்லை. உங்களுக்கு அது மலைப்பாக இருந்தால் பத்து நிமிடம் வைத்துக்கொள்ளுங்கள். முடிவு கண்ணுக்குத் தெரிகிற தொல்லையை மனம் பொறுத்துக்கொள்ளும் என்பதே இதன் சூட்சுமம். கைப்பேசியிலேயே மணி வைப்பதாக இருந்தால், அதைக் கைக்கு எட்டாத இடத்தில் வைத்துவிட்டு உட்காருங்கள்.

கேள்வி: என் மகனுக்குப் பதினேழு வயது. எந்தப் பாடத்தையும் முழுமையாக முடிப்பதில்லை. கண்டித்தால் இன்னும் மோசமாகிறான்; விட்டுவிட்டால் ஒன்றுமே நடப்பதில்லை. நான் என்ன செய்ய, அம்மா?

பதில்: உங்கள் தவிப்பு புரிகிறது. கண்டிக்கும்போது அவன் மோசமாவதற்குக் காரணம் இருக்கிறது. முன்பு ஒரு பாடம் வெறும் கடினமான பாடமாக இருந்தது; இப்போது அந்தப் புத்தகத்தை எடுத்தாலே அம்மாவிடம் வாங்கிய திட்டும் தன்மேல் தனக்குள்ள வெறுப்பும் சேர்ந்தே வருகின்றன. விலகி ஓட இன்னும் ஒரு காரணம் கூடிவிட்டது. மைக்கேல் வோல், பிச்சில், ஷானன் பென்னட் ஆகியோர் முதலாண்டுக் கல்லூரி மாணவர்களிடம் நடத்தி 2010-இல் வெளியிட்ட ஆய்வு இங்கே பொருந்தும். முதல் தேர்வுக்குப் படிக்காமல் தள்ளிப்போட்டதற்காகத் தம்மைத் தாமே மன்னித்துக்கொண்டவர்கள், அடுத்த தேர்வுக்கு முன்பாகக் குறைவாகவே தள்ளிப்போட்டார்கள். போனதை வைத்து அவனைக் குத்திக்கொண்டே இருப்பது, நீங்கள் விரும்புவதற்கு எதிரானதையே விளைவிக்கும்.

“முடித்துவிட்டாயா?” என்ற கேள்வியைச் சில வாரங்களுக்கு நிறுத்திவையுங்கள். அதற்கு ஆம் அல்லது இல்லை என்றுதான் சொல்லமுடியும். இல்லை என்று சொல்ல வெட்கப்பட்டு அவன் பொய் சொல்லக் கற்றுக்கொள்வான். “எந்தக் கணக்கில் நிற்கிறாய்?” என்று கேட்டுப் பாருங்கள். ஏதோ ஓர் அடிப்படை புரியாமல்போய், அதைச் சொல்ல வாய் வராமல் மாதக்கணக்கில் நடித்துக்கொண்டிருக்கும் பிள்ளைகளைப் பற்றி எனக்கு நிறையக் கடிதங்கள் வருகின்றன. அவன் படிக்கும் நேரத்தில் நீங்களும் அருகில் அமர்ந்து உங்களுடைய வேலை எதையாவது செய்வதும் உதவும்; ஆனால் அவன் புத்தகத்தை எட்டிப் பார்க்காமல் இருப்பதற்கு உங்களுக்குக் கொஞ்சம் மனக்கட்டுப்பாடு வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள். முன்பு விரும்பிச் செய்தவற்றிலும் அவனுக்கு நாட்டம் போய்விட்டது, உறக்கமும் பசியும் மாறிவிட்டன என்றால், அல்லது சின்ன வயதிலிருந்தே படிப்பில் மட்டுமின்றி எல்லாவற்றிலும் கவனம் நிலைக்காமல் பொருள்களைத் தொலைப்பதும் சொன்னதை மறப்பதுமாக இருந்திருக்கிறான் என்றால், மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனச்சோர்வு நோயும் கவனக்குறைபாடும் வெளிப்பார்வைக்குத் தள்ளிப்போடல் போலவே இருக்கும். அறிவுரையால் அவை தீருவதில்லை.

கேள்வி: தினமும் செய்யவேண்டியவற்றைப் பட்டியல் போடுகிறேன். மறுநாள் அதே பட்டியலைப் படியெடுக்கிறேன். எங்கே தவறு?

பதில்: உங்கள் பட்டியலில் “எதை” இருக்கிறது, “எப்போது, எங்கே” இல்லை. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் பல்லாண்டுகளாக ஆராய்ந்துவரும் விஷயம் இது. வெரோனிக்கா பிராண்ட்ஷ்டெட்டருடன் சேர்ந்து 1997-இல் அவர் வெளியிட்ட ஆய்வில், விடுமுறையின்போது ஒரு சிறு அறிக்கையை எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டுக்கொண்டார்கள். எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதுவோம் என்று முன்கூட்டியே தீர்மானித்தவர்களில் பெரும்பாலோர் குறித்த காலத்துக்குள் எழுதினார்கள். அப்படித் தீர்மானிக்காதவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே எழுதினார்கள். “காலை உணவு முடிந்து தட்டைக் கழுவியதும், சன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து காப்பீட்டுப் படிவத்தின் முதல் பக்கத்தை நிரப்புவேன்” என்று எழுதிப் பாருங்கள். இப்படி எழுதினால் ஒரு நாளைக்கு மூன்று வேலைகளுக்கு மேல் பட்டியலில் இடம் பிடிக்காது, அதுவும் நல்லதே.

கேள்வி: பணி ஓய்வு பெற்றுவிட்டேன். பாதியில் விட்ட மொழிப் பயிற்சி, பாதி வரைந்த ஓவியங்கள், இரண்டு அத்தியாயத்தோடு நிற்கும் தன்வரலாறு, அடுக்கப்படாத நிழற்படங்கள் என்று வீடு முழுக்க அரைகுறைகள். நேரம் நிறைய இருந்தும் எதையும் எடுக்க மனம் வரவில்லை. எதிலிருந்து தொடங்குவது?

பதில்: ஐயா, தொடங்குவதற்கு முன்பு சிலவற்றைக் கைவிடுங்கள். 1928-இல் மரியா ஒவ்சியான்கினா என்ற உளவியலாளர் ஒரு சோதனையை வெளியிட்டார். ஒரு வேலையைச் செய்துகொண்டிருக்கும்போதே இடையில் நிறுத்தப்பட்டவர்களுக்கு ஓய்வு கிடைத்ததும், யாரும் சொல்லாமலேயே, எந்தப் பரிசும் இல்லாமலேயே பெரும்பாலோர் அதே வேலைக்குத் திரும்பினார்கள். விட்ட வேலை மனிதரை அப்படி இழுக்கும். இத்தனை ஆண்டுகளில் ஒருமுறைகூட உங்களை இழுக்காத வேலை எது என்று பாருங்கள். அதன் மேல் இருந்த ஆசை எப்போதோ தீர்ந்திருக்கும், கடமையுணர்ச்சி மட்டும் மிஞ்சியிருக்கும். அதை முடிக்கவேண்டும் என்று யாரும் உங்களிடம் கேட்கவில்லை. ஓவியங்களில் எவற்றை இனித் தொடப்போவதில்லையோ அவற்றை வெளிப்படையாக, வீட்டாரிடமும் சொல்லி, அப்புறப்படுத்துங்கள். சத்தமில்லாமல் பரணில் ஏற்றிவைத்தால் அவை அங்கிருந்தும் உறுத்தும்.

மிஞ்சியவற்றில், நிழற்படங்களை முதலில் எடுங்கள் என்பேன். தன்வரலாறு எதனால் இரண்டு அத்தியாயத்தோடு நின்றது என்று நீங்கள் எழுதவில்லை. எழுதக் கூசும் ஏதோ ஒரு கட்டம் மூன்றாவதாக வந்திருக்கலாம். படங்களை அடுக்கும்போது அந்தக் கட்டத்தைத் தாண்டிய காலத்துப் படங்களும் கையில் அகப்படும். வரிசையாகத்தான் எழுதவேண்டும் என்ற விதி தன்வரலாற்றுக்குக் கிடையாது. எழுதத் தோன்றும் ஒரு படத்தை எடுத்து, அதில் இருப்பவர்கள் யார், அன்று என்ன நடந்தது என்று அதன் பின்பக்கம் கொள்ளும் அளவுக்கு மட்டும் எழுதுங்கள். மொழிப் பயிற்சியை ஆறு மாதம் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம். இதைத் தள்ளிப்போடச் சொல்வது நான்தான் என்பதால் உங்களுக்கு அதில் குற்றவுணர்வு வேண்டாம்.