ஃப்ளை ஆஷ் (அனல்மின் நிலைய நிலக்கரிச் சாம்பல்) கலந்த கான்கிரீட்டில் விழும் விரிசல் தானாகவே மூடிக்கொள்ளுமா? பிபிசி (PPC) எனப்படும், ஃப்ளை ஆஷ் கலந்த சிமெண்டில் கட்டிய எங்கள் சம்ப்பிலும் மொட்டைமாடியிலும் விரிசல் இருக்கிறது.

மூடிக்கொள்ளும். ஆனால் விரிசல் மயிரிழை அளவில் இருக்க வேண்டும், அதில் தண்ணீரும் இருக்க வேண்டும். அதனால் உங்கள் சம்ப்புக்கு ஒரு பதில், மொட்டைமாடிக்கு வேறு பதில்.

ஃப்ளை ஆஷ் இல்லாத கான்கிரீட்டுக்கும் இந்தக் குணம் கொஞ்சம் உண்டு. சிமெண்டும் தண்ணீரும் சேரும்போது கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நீர்த்த சுண்ணாம்பு உண்டாகிறது. விரிசலில் கசியும் தண்ணீரில் அது கரைந்து வந்து, கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. கசிந்த சுவரில் வெள்ளையாகப் பூத்திருக்குமே, பெரும்பாலும் அதே சரக்குதான். உள்ளே மிச்சமிருக்கும் சிமெண்ட் துகள்களும் புதிதாக ஈரம் பட்டால் மறுபடி வேலை செய்யும்.

ஃப்ளை ஆஷ் விஷயம் வேறு. மேட்டூர், தூத்துக்குடி அனல்மின் நிலையங்களில் கிடைக்கும் நிலக்கரிச் சாம்பல் தண்ணீர் மட்டும் பட்டால் இறுகாது. (நெய்வேலிப் பழுப்பு நிலக்கரிச் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம், அதன் போக்கு தனி.) சிமெண்ட் வெளிவிடும் சுண்ணாம்போடு சேர்ந்துதான் அது பிடிமானம் தரும் பொருளாக மாறும், அதுவும் ரொம்ப நிதானமாக. 28ஆம் நாள் வலிமைச் சோதனைக்குக் கான்கிரீட் க்யூபை உடைத்துப் பார்க்கும்போதுகூட சாம்பலில் பெரும்பகுதி வினைபுரியாமல்தான் இருக்கும். பிபிசி லேட்டாக இறுகும் என்று மேஸ்திரிகள் குறை சொல்வார்கள். அந்தக் குறைதான் இங்கே உதவுகிறது. மாதங்கள் கழித்து விரிசல் விட்டாலும், உள்ளே வினைபுரியச் சரக்கு மிச்சம் இருக்கிறது.

அதற்காகச் சாம்பலைக் கூட்டிக்கொண்டே போனால் ஆகாது. அது சுண்ணாம்பைத் தின்றுவிடுவதால் கார்பனேட் படிவது குறையும். மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் விக்டர் லீ உருவாக்கிய வளையும் கான்கிரீட்டின் பல கலவைகளில் சிமெண்டைவிடச் சாம்பல் அதிகம். ஆனாலும் அது நன்றாக மூடிக்கொள்வதற்கு முக்கியக் காரணம், அதில் கலந்துள்ள பிவிஏ என்ற செயற்கை இழைகள் விரிசலை 0.1 மி.மீ.க்குள் இழுத்துப் பிடிப்பதுதான். என்னைக் கேட்டால் சாம்பலைவிட விரிசலின் அகலம்தான் முக்கியம். 0.1 மி.மீ.க்குள் என்றால் நம்பலாம், 0.2 என்றால் பார்க்கலாம், 0.3 தாண்டினால் மறந்துவிடுங்கள்.

தண்ணீர்த் தொட்டிகளுக்கான பழைய பிரிட்டிஷ் தரநிலை பிஎஸ் 8007 (2010இல் விலக்கிக்கொள்ளப்பட்டது) இதைக் கணக்கில் எடுத்தே எழுதப்பட்டது. கசிவுச் சோதனைக்கு முன் தொட்டியை நிரப்பி, 0.1 மி.மீ. விரிசலுக்கு வடிவமைத்ததென்றால் 7 நாள், 0.2 என்றால் 21 நாள் விடச் சொன்னது. நீங்களும் சம்ப்பை நிரப்பி மூன்று வாரம் விடுங்கள். அப்புறம் மட்டத்தைக் குறித்துத் தினமும் பாருங்கள். நிற்காமல் இறங்கினால் மட்டும் வாட்டர்ப்ரூஃபிங் ஆளைக் கூப்பிடுங்கள்.

மொட்டைமாடிக்கு இந்தக் கதை எடுபடாது. வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும் தளத்தில் விரிசல் தினமும் அசைகிறது. படிந்த கொஞ்சமும் உடைந்துவிடும். அதை வெட்டித் திறந்து, நெகிழும் சீலண்ட் வைத்து அடைக்க வேண்டும். அடியில் துருக்கறை தெரிந்தால் பூசி மறைக்காதீர்கள், முதலில் ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரிடம் காட்டுங்கள்.

இனிமேல் கட்டுபவர்களுக்கு: பிபிசி போட்டால் குறைந்தது 10 நாள் க்யூரிங் (ஈரமாகவே வைத்திருப்பது) செய்யச் சொல்கிறது இந்தியக் கான்கிரீட் தரநிலை ஐஎஸ் 456; அதை 14 நாளாக நீட்டிப்பது நல்லது என்றும் பரிந்துரைக்கிறது. நாலாம் நாளே குழாயைச் சுருட்டிவிட்டால், தானாக மூடுவது இருக்கட்டும், புது விரிசல் வராமல் இருந்தாலே பெரிய விஷயம்.