குட்டிச் சொற்களின் பூர்விகம்: கேள்வி பதில்

ஓரெழுத்து, ஈரெழுத்துச் சொற்களைப் பற்றி என்ன வேண்டுமானாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஒரே மாதிரியான கேள்விகள்: "நம்ம சொல் அந்த மொழியிலும் இருக்கிறதே, எப்படி?" மொழிகளை ஒப்பிட்டுக் கற்பிப்பதுதான் என் வேலை. வகுப்பிலும் மாணவர்கள் முதலில் கேட்பது இதைத்தான். அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி (திருநெல்வேலி, பள்ளி ஆசிரியை): அம்மா, வணக்கம். எட்டாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, "மிஸ், சீன மொழியிலும் 'நீ' என்றால் நீதானாம். தமிழிலிருந்துதானே போயிருக்கும்?" என்று கேட்டான். என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை.

பதில்: பையன் சொன்ன தகவல் சரிதான். மாண்டரின் சீனத்தில் 'நீ' என்றால் நீ. வட அமெரிக்கப் பழங்குடி மொழியான நவஹோவிலும் 'நி' என்றால் நீ என்றே பொருள். ஆனால் இந்த மூன்றுக்கும் பிறப்பால் எந்தத் தொடர்பும் இல்லை.

நம் 'நீ'யின் சொந்தக்காரர்கள் யார் என்று முதலில் பார்ப்போம். மலையாளத்தில் நீ, கன்னடத்தில் நீனு, தெலுங்கில் நீவு. அப்புறம் பாகிஸ்தானின் பலுசிஸ்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழியிலும் 'நீ'தான். அவ்வளவு தூரத்தில் இருப்பது மட்டும் உறவு என்று எப்படிச் சொல்கிறோம்? 'நீ' அங்கே தனியாக இல்லை. கண்ணுக்கு அங்கே 'ஃகன்', கல்லுக்கு 'ஃகல்', இரண்டுக்கு 'இரட்', மூன்றுக்கு 'முசிட்'. நம் ககரம் வரும் இடத்தில் அங்கே தொண்டையில் உரசி வரும் ஒலி, ஒரு சொல்லில் மட்டுமல்ல, அடுத்த சொல்லிலும் அப்படியே வருகிறது. வீடு முழுக்க நம் ஜாடை தெரிகிறது.

சீனத்தில் அதே சொற்களைத் தேடினால் கண் 'யென்', கல் 'ஷி', மூன்று 'சான்'. நம் வீட்டு ஜாடை ஒன்றிலும் இல்லை. அந்த 'சான்' போய் ஒட்டுவது திபெத்தியத்தின் 'சும்' என்ற மூன்றோடு.

பையனுக்கு ஒரு கணக்குச் சொல்லுங்கள். ஒரு மெய்யும் ஓர் உயிரும் சேர்ந்த குட்டிச் சொல்லுக்கு ஒரு மொழியில் அதிகம் போனால் சில நூறு வடிவங்கள்தான் கிடைக்கும். உலகில் ஏறக்குறைய 7,000 மொழிகள் உண்டு. ஒலியும் பொருளும் எங்காவது இரண்டு இடத்தில் ஒத்துப் போகாமல் இருந்தால்தான் ஆச்சரியப்பட வேண்டும். அவன் கேட்ட கேள்வி அருமையான கேள்வி என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி (கோவை, கல்லூரி மாணவி): மேடம், கொரியன் சீரியலில் 'ஒம்மா', 'அப்பா' என்றே கூப்பிடுகிறார்கள். இதுவுமா தற்செயல்?

பதில்: இல்லை, இதற்குக் காரணம் வேறு. பல் முளைக்காத குழந்தைக்கு உதட்டை மூடித் திறப்பதுதான் மிக எளிது. அப்படி வருபவை ம, ப, ப-வின் மெல்லிய வடிவமான ஆங்கில 'பி' (B) ஒலி. குழந்தை 'மமமம' என்று சத்தமிடும்போது பக்கத்தில் இருப்பவர் "என்னைத்தான் கூப்பிடுகிறது" என்று எடுத்துக்கொள்கிறார். ரோமன் யாகப்சன் என்ற மொழியியலாளர் இதை அழகாக விளக்கியிருக்கிறார். மேற்காசியாவின் பழைய மொழியான அரமேயத்தில் தந்தைக்கு 'அப்பா', சீனத்தில் தாய்க்கு 'மா', தந்தைக்கு 'பா'. எல்லாக் குழந்தைகளும் ஒரே வாயோடு பிறப்பதால் வந்த ஒற்றுமை இது.

நான் வகுப்பில் மறக்காமல் சொல்வது ஜார்ஜிய மொழியை. அங்கே 'மாமா' என்றால் அப்பா! அம்மாவுக்கு 'தேதா'. நம் வீட்டு மாமாவை அங்கே கொண்டுபோனால் உறவே மாறிவிடும்.

கொரிய மொழியையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு ஹோமர் ஹல்பர்ட் 1905 வாக்கிலேயே நூல் எழுதினார். ஆனால் அந்த உறவை நிறுவும் அளவுக்கு ஒழுங்கான ஒலிப் பொருத்தங்கள் கிடைக்கவில்லை. கொரியனில் ஒன்று, இரண்டு, மூன்று என்பது ஹனா, துல், செத்.

கேள்வி (ஈப்போ, மலேசியா): இங்கே போலீஸ்காரரை நாங்கள் 'மாத்தா' என்போம். மலாயில் 'மாத்தா' என்றால் கண். என்னுடன் வேலை செய்யும் கிரேக்கர் அவர் மொழியில் கண்ணுக்கு 'மாத்தி' என்கிறார். யார் யாரிடம் வாங்கியது?

பதில்: யாரும் யாரிடமும் வாங்கவில்லை. இந்த ஜோடி எனக்கு மிகவும் பிடிக்கும், ஏனென்றால் இரண்டு பக்கமும் வரலாறு தெளிவாக இருக்கிறது. பழைய கிரேக்கத்தில் கண்ணுக்கு 'ஒம்மா'. சின்னக் கண் என்று செல்லமாகச் சொல்ல 'ஒம்மாதியோன்'. காலப்போக்கில் தலை தேய்ந்து, வால் தேய்ந்து 'மாத்தி' மிஞ்சியது. மலாயின் 'மாத்தா'வோ பல்லாயிரம் ஆண்டுகளாக அதிகம் மாறாமல் அப்படியே இருக்கிறது. பிலிப்பைன்ஸின் தகலாகிலும் பசிபிக்கின் பிஜியிலும் 'மாத்தா', ஹவாயில் 'மாக்கா', மடகாஸ்கரில் 'மாசு' போல ஒலிக்கும் சொல். கடலோடிகள் போன இடமெல்லாம் கூடவே போன சொல் அது.

கேள்வி (பெங்களூரு): அப்படியானால் எதைத்தான் நம்புவது? ஒன்றுபோல ஒலித்தால் உறவில்லை என்கிறீர்கள். உறவை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்?

பதில்: நீங்கள் பெங்களூரில் இருப்பதால் தெருவிலேயே சோதிக்கலாம். பால் வாங்கும்போது 'ஹாலு' என்பீர்கள். பூ 'ஹூவு', பல் 'ஹல்லு', புலி 'ஹுலி', பத்து 'ஹத்து', பாம்பு 'ஹாவு', போ என்பதற்கு 'ஹோகு'. தமிழில் சொல்லின் முதலில் ப வந்தால் கன்னடத்தில் ஹ. ஒன்றிரண்டு சொல்லில் அல்ல, வரிசை வரிசையாக. பழைய கன்னடத்தில் அதுவும் ப-தான். 'பாலு' என்றே இருந்தது, பிறகு மாறியது. இந்த ஒழுங்குதான் சான்று. ஒலி ஒத்துப் போக வேண்டியதில்லை, மாறுவது ஒழுங்காக மாறியிருக்க வேண்டும்.

இதன் உச்சம் ஆர்மீனிய மொழியில் இருக்கிறது. அங்கே இரண்டுக்கு 'எர்கு'. ஆங்கிலத்தின் 'டூ', ரஷ்யனின் 'த்வா', சமஸ்கிருதத்தின் 'த்வௌ' ஆகியவற்றோடு பிறந்த சொல் அது என்றால் யாராவது நம்புவார்களா? ஆனால் உண்மை. பழைய 'த்வ' என்ற தொடக்கம் ஆர்மீனியத்தில் 'எர்க்' ஆனது. 'நீண்ட' என்ற பொருளுள்ள 'எர்கார்' போன்ற வேறு சொற்களிலும் அதே மாற்றம் நடந்திருக்கிறது. ஓர் எழுத்துகூட ஒத்துப் போகாத உடன்பிறப்புகள்.

நேர்மாறாகவும் பாருங்கள். ஆங்கிலத்தில் நாளுக்கு 'டே', ஸ்பானியத்தில் 'தியா'. அதிகம் என்பதற்கு ஆங்கிலத்தில் 'மச்', ஸ்பானியத்தில் 'முச்சோ'. இரண்டு ஜோடிக்கும் உறவில்லை. எனக்கு இது முதன்முதலில் தெரிந்த அன்று நெடுநேரம் தூக்கம் வரவில்லை.

திராவிட மொழிகளுக்கு இந்த வரிசைகளைப் பார்க்க ஆசைப்பட்டால், பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியைப் புரட்டுங்கள். 1984இல் திருத்திய பதிப்பும் வந்தது.

கேள்வி (தஞ்சாவூர்): சுமேரியாவின் 'ஊர்' நகரம் நம் 'ஊர்'தான் என்று படித்தேன். சரியா?

பதில்: அதை உறுதி செய்யும் சான்று இல்லை. அந்த நகரத்தின் பழைய சுமேரியப் பெயர் 'உரிம்'. 'ஊர்' மாதிரியே ஒலிக்கும் சொற்கள் எத்தனையோ. பாஸ்க் மொழியில் 'உர்' என்றால் தண்ணீர், ஹங்கேரியனில் 'ஊர்' என்றால் கனவான், ஜெர்மனில் 'ஊர்' என்றால் கடிகாரம். கடைசியது மணி என்று பொருள்படும் லத்தீன் 'ஹோரா'விலிருந்து வந்தது.

கேள்வி (பாரிஸ்): அக்கா, பிரெஞ்சில் தண்ணீரை வெறும் 'ஓ' என்கிறார்கள். ஆனால் எழுதும்போது மூன்று எழுத்து, அதில் ஒன்றுகூட ஓ இல்லை. பிள்ளைகளுக்கு விளக்க முடியவில்லை.

பதில்: தொடக்கம் லத்தீனின் 'அக்வா'. ஸ்பானியத்தில் அது 'அகுவா' என்று உடம்போடு இருக்கிறது. பிரெஞ்சில் நடுமெய் கரைந்து, 'ஏவ' போல ஆகி, உயிர்கள் மூன்றாகப் பிரிந்து, கடைசியில் எல்லாம் கூடி ஒற்றை ஓ. அந்த மூன்று எழுத்தும் பழைய உச்சரிப்பின் தடம். பிள்ளைகளிடம், ஆறு வற்றிய பிறகும் தெரியும் மணல்திட்டு மாதிரி என்று சொல்லிப் பாருங்கள்.

தொடர் கேள்வி (ஒஸ்லோ): இதைப் படித்ததும் கேட்கத் தோன்றியது. இங்கே நார்வேயின் லோஃபோட்டன் தீவுகளின் கோடியில் 'ஓ' என்று ஓர் ஊர். பெயர்ப்பலகையில் ஒரே எழுத்து. ஓடை என்று பொருளாம். பிரெஞ்சு 'ஓ'வுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

பதில்: உண்டு! இத்தனை நேரம் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு இந்தக் கேள்வி பெரிய மகிழ்ச்சி. லத்தீனின் 'அக்வா'வுக்கு, ஆங்கிலம், ஜெர்மன், நார்வே மொழிகள் சேர்ந்த ஜெர்மானியக் கிளையில் உடன்பிறப்பு 'அஹ்வோ' போன்ற ஒரு சொல். நடுவிலிருந்த ஒலி தேய்ந்து பழைய நார்வேயில் 'ஆ' ஆகி, பின்பு உச்சரிப்பு வட்டமாகி இன்றைய ஓ ஆனது. தெற்கே பிரான்சில் ஒரு வழி, வடக்கே நார்வேயில் வேறொரு வழி. ஒரே வேர் இரண்டிலும் தேய்ந்து ஓ என்ற ஒரே ஒலியில் வந்து நிற்கிறது.

சுவீடிஷில் தீவைக் குறிக்கும் ஒற்றையெழுத்துச் சொல்லும் இந்த நீர்க்குடும்பம்தான். 'நீர்சார்ந்த இடம்' என்பது அதன் பழைய பொருள். ஆங்கில 'ஐலண்டின்' முதல் பாதியும் அதுவே. லத்தீனிலிருந்து வந்த வேறொரு சொல்லோடு குழப்பி, ஒலிக்காத 'எஸ்' எழுத்தை நடுவில் செருகிவிட்டார்கள்.

நன்னூல் சொல்லும் ஓரெழுத்துச் சொற்களில் நம்மிடமும் ஓர் 'ஓ' உண்டு: மதகில் தண்ணீரைத் தடுத்து நிறுத்தும் பலகை. பிரான்சில் நீர், நார்வேயில் ஓடை, தமிழில் நீரைத் தாங்கும் பலகை. முதல் இரண்டும் உறவு, மூன்றாவது தற்செயல். எவ்வளவு ஆசையாக இருந்தாலும் சேர்க்க முடியாது.

கேள்வி (யாழ்ப்பாணம்): நாங்கள் தேத்தண்ணி என்கிறோம். தமிழ்நாட்டில் டீ, தேநீர். கேரளத்தில் சாயா. தேநீர் என்பது தேன்நீரா அக்கா?

பதில்: இல்லை. தேனும் நீரும் சேர்ந்தால் 'தேனீர்' ஆகும். கடைப்பலகைகளில் தவறாக அப்படித்தான் எழுதிவைக்கிறார்கள். தேநீரில் உள்ள 'தே' சீனாவின் ஃபூஜியான் கரையோரப் பேச்சிலிருந்து கிளம்பியது. டச்சு வணிகர்கள் அதைக் கடல்வழியாகப் பரப்பினார்கள். ஆங்கிலேயரும் முதலில் 'டே' என்றே சொல்லிப் பின்னால்தான் 'டீ' ஆக்கினார்கள். சீனாவின் மற்றப் பகுதிகளில் அதே எழுத்தை 'சா' என்று வாசிப்பார்கள். சாயா, சாய் அந்த வழி. ஆக, உங்கள் தேத்தண்ணியும் கேரளச் சாயாவும் ஒரே சீனச் சொல்லின் இரண்டு உச்சரிப்புகள்.

கேள்வி (மதுரை, போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்): ஓரெழுத்து ஒருமொழி 42 என்று மனப்பாடம் செய்திருக்கிறேன். 'மா'வுக்கு மட்டும் இத்தனை பொருள் ஏன்? குதிரை என்றும் போட்டிருக்கிறதே.

பதில்: தம்பி, 42 என்பது நன்னூல் எழுதிய பவணந்தியார் கணக்கு: நெடில் 40, நொ, து ஆகிய குறில் 2. சொல் எவ்வளவு சிறிதோ அவ்வளவு நெருக்கடி. வெவ்வேறு சொற்கள் ஒரே ஒலியில் வந்து குடியேறிவிடும். மாமரம், விலங்கு, பெரிய, மாவு, நில அளவு, இருபதில் ஒரு பங்கு என்று எல்லாம் 'மா'. இலங்கையில் இன்றும் மாவை 'மா' என்றே சொல்கிறார்கள்.

சீனத்திலும் குதிரைக்கு 'மா'. அடுத்து இதைத்தான் கேட்பீர்கள் என்று தெரியும். பழஞ்சீனத்தில் அந்தச் சொல்லில் ஒரு ரகரம் இருந்தது, 'ம்ர' என்பது போல. பர்மிய எழுத்தில் இன்றும் அது 'ம்ரங்'. பின்னோக்கிப் போகப் போக நம் 'மா'வை விட்டு விலகுகிறது. உறவுச் சொற்கள் பின்னோக்கிப் போனால் நெருங்கிவரும்.

கேள்வி (சென்னை): பாய் என்றால் படுக்கும் பாய். 'பாய் கடை பிரியாணி'யில் வரும் பாய்?

பதில்: அது உருது வழி வந்த 'பாயி', சகோதரர். சமஸ்கிருத 'ப்ராத்ரு'விலிருந்து வந்தது. ஆங்கில 'பிரதர்' அதன் உடன்பிறப்பு. படுக்கும் பாய் நம்முடையது.

கேள்வி (சேலம்): 'பஸ்' எந்த மொழிச் சொல்?

பதில்: முழுச் சொல்லே இல்லை, வெறும் வேற்றுமை உருபு. லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. பிரான்சில் 1820களில் எல்லோரும் ஏறக்கூடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் வந்தது. 1829இல் லண்டனுக்கும் போனது. அங்கே தலையை வெட்டி வாலை மட்டும் வைத்துக்கொண்டார்கள். தமிழில் சொன்னால், 'எல்லோருக்கு' என்பதில் 'எல்லோர்' போய் 'க்கு' மட்டும் மிஞ்சிய மாதிரி. "க்கு வந்துவிட்டது, ஏறு" என்று சொல்வது போல இருக்கிறது அல்லவா? உலகம் முழுக்க அந்த உருபில்தான் பயணம் செய்கிறது. வெட்டிப்போன தலையை நாம் மட்டும் வேறொரு வழியில் திரும்பச் சேர்த்து வைத்திருக்கிறோம்: சேலத்திலிருந்து ராத்திரி சென்னைக்குப் புறப்படும் ஆம்னி பஸ்.