எட்டு பேரைச் சேர்த்தால் மிக்சி இலவசம்: அந்த மிக்சிக்குப் பணம் கொடுத்தது யார்?

கேள்வி: திண்டுக்கல் பக்கம் தையல் கடை வைத்திருக்கிறேன். ஒரு செயலியில் 299 ரூபாய் கட்டிச் சேர்ந்து, நம் லிங்க் வழியாக எட்டு பேரைச் சேர்த்துவிட்டால் மிக்சி இலவசம் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. 299-க்கு ஒரு ஃபேஸ் க்ரீம் பாக்கெட்டும் அனுப்பினார்கள். எங்கள் மகளிர் குழுவில் எட்டு பேரைச் சேர்த்தேன், மிக்சி நிஜமாகவே வந்தது. படமெடுத்து ஸ்டேட்டஸில் போட்டேன். அந்த எட்டு பேர் ஆள் சேர்க்கும்போது எனக்குக் 'காயின்' ஏறியது. அது யுபிஐ-யில் 640 ரூபாயாக வந்தது. இப்போது இருபது நாளாகச் செயலி திறக்கவில்லை. எட்டு பேரில் இரண்டு பேருக்குத்தான் மிக்சி கிடைத்தது. ஒரு அக்கா என் மேல் போலீஸில் புகார் கொடுப்பேன் என்கிறார். இது பிரமிடு மோசடியா? பணம் அனுப்பும் செயலிகளும் ஆள் சேர்த்தால் காசு தருகின்றனவே, அதுவும் தப்பா? என் மேல் வழக்கு வருமா?
(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: முதலில் ஒரு சின்னக் கணக்கு. எட்டை 299-ஆல் பெருக்கினால் 2,392. நீங்கள் அனுப்பிய படத்தில் இருப்பது பெரிய பிராண்டு இல்லாத 500 வாட்ஸ் மிக்சி. மொத்தமாக வாங்குபவருக்கு அது அந்தத் தொகைக்குள் தாராளமாகக் கிடைக்கும். ஆக, கம்பெனி தன் கையிலிருந்து ஒன்றும் போடவில்லை. உங்கள் எட்டு தோழிகளின் பணத்தில் மிக்சி வாங்கி, மீதியை எடுத்துக்கொண்டு, உங்கள் வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். உங்கள் கேள்விக்கான பதிலில் முக்கால்வாசி இதிலேயே இருக்கிறது.

மீதிக் கால்வாசியும் கணக்குதான். உங்கள் எட்டு பேருக்கும் மிக்சி வர 64 பேர் வேண்டும். அந்த 64 பேருக்கு 512 பேர். ஏழாவது வரிசையிலேயே 20 லட்சத்தைத் தாண்டுகிறது. ஒன்பதாவது வரிசைக்கு 13 கோடிக்கு மேல் ஆள் வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் மொத்த மக்கள்தொகையே 7.21 கோடிதான். எந்த நாளில் கடையைச் சாத்தினாலும், பணம் கட்டியவர்களில் ஏறக்குறைய எட்டில் ஏழு பங்குப் பேர் கடைசி வரிசையில் வெறுங்கையோடு நிற்பார்கள். செயலி 'சர்வர் பிரச்சினை'யால் நின்றிருக்கும் என்று உங்கள் குழுவில் யாராவது இன்னும் சொல்லிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கைக் காட்டுங்கள். கோவையில் 2024 ஜனவரியில், விளம்பரம் பார்த்தால் பணம் என்ற ஒரு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டதற்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் திரண்டு நின்றது நினைவிருக்கும். பணம் போட்டவரே காவலுக்கு நிற்பது இந்தத் தொழிலின் தனி அம்சம்.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இதற்கென்றே 1978-இல் மத்திய அரசு கொண்டுவந்த, பரிசுச் சீட்டுகளையும் பணச் சுழற்சித் திட்டங்களையும் தடை செய்யும் சட்டம் இருக்கிறது. 'இலவசம்' என்ற சொல்லையோ 'பரிசு' என்ற சொல்லையோ அது பார்ப்பதில்லை. விரைவாகவோ சுலபமாகவோ பணம் கிடைக்கும் என்கிற வாக்குறுதி, புதிய ஆட்கள் சேர்வதைப் பொறுத்திருக்கிறதா என்றுதான் பார்க்கும். கல்கத்தா சஞ்சயிதா நிறுவன வழக்கில் 1982-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கியது. அந்த நிறுவனம் டெபாசிட்டுக்குக் கொழுத்த வட்டி கொடுத்தது. ஆனால் அந்த வட்டி புது ஆள் சேர்வதைப் பொறுத்து இல்லை என்பதால் இந்தச் சட்டத்தில் மட்டும் சிக்கவில்லை. நீங்கள் சேர்ந்த திட்டத்தில் ஆள் சேர்க்காவிட்டால் மிக்சியும் இல்லை, காசும் இல்லை.

கம்பெனி வக்கீல் என்ன வாதாடுவார் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நானாக இருந்தாலும் அதைத்தான் வாதாடுவேன். "சட்டம் பணத்தைப் பற்றிப் பேசுகிறது, நாங்கள் கொடுத்தது மிக்சி" என்பார். "299 ரூபாய் சேர்க்கைக் கட்டணம் இல்லை, க்ரீமின் விலை" என்பார். முதல் வாதத்தை உங்கள் 640 ரூபாய் உடைக்கிறது. நீங்கள் சேர்த்தவர்கள் சேர்த்த ஆட்களுக்காக உங்கள் வங்கிக் கணக்கில் ரொக்கமே விழுந்திருக்கிறது. இரண்டாவதற்கு, 2021 டிசம்பரில் வந்த நேரடி விற்பனை விதிகள் இருக்கின்றன. ஆள் மேல் ஆள் சேர்த்து அடுக்கடுக்காக வலை பின்னி, கீழே சேருபவரால் மேலே இருப்பவருக்கு 'எந்தப் பலன்' கிடைத்தாலும் அது பிரமிடு என்கின்றன அவை. மிக்சியும் பலன்தான். நேரடி விற்பனை என்ற போர்வையில் அப்படி நடத்தக் கூடாது என்றும் அதே விதிகள் தடுக்கின்றன. அந்த க்ரீமை யாராவது ஒருவர், ஆள் சேர்க்கும் எண்ணமே இல்லாமல், 299 கொடுத்துத் திரும்ப வாங்கியிருப்பாரா? உங்கள் குழுவில் கேட்டுப் பாருங்கள்.

ஆகவே உங்கள் முதல் கேள்விக்கு என் பதில்: ஆம், நீங்கள் எழுதியபடிதான் நடந்தது என்றால் இது பிரமிடுதான்.

பணம் அனுப்பும் செயலிகள் வேறு ரகம். அங்கே சேர நீங்கள் காசு கட்டுவதில்லை. நண்பரைச் சேர்த்து அவர் முதல் பரிவர்த்தனை செய்தால் உங்களுக்கு ஒரு தொகை, அதோடு முடிந்தது. அந்த நண்பர் யாரைச் சேர்த்தாலும் உங்களுக்கு ஒன்றும் வராது. கொடுப்பது கம்பெனியின் விளம்பரச் செலவிலிருந்து. டிவியில் விளம்பரம் போடுவதற்குப் பதில் உங்களிடம் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான். இது பிரமிடு இல்லை. (சில செயலிகளின் பரிசு நிபந்தனைகளில் பொடி எழுத்தில் 'தமிழ்நாட்டுக்குப் பொருந்தாது' என்று இருப்பது வேறு கதை. பொருள் வாங்குபவர்களுக்குக் குலுக்கல் பரிசு கொடுப்பதைத் தடுக்க 1979-இல் தமிழ்நாடு தனியாகச் சட்டம் போட்டிருக்கிறது.)

காசே கேட்காமல், 'இருபது பேருக்கு ஃபார்வர்டு செய்தால் இலவச ரீசார்ஜ்' என்று வருபவை மூன்றாவது ரகம். அவற்றுக்குத் தேவை உங்கள் பெயரும் எண்ணும்தான். இருபது வருஷத்துக்கு முன் அமெரிக்காவில் கிராட்டிஸ் இன்டர்நெட் என்ற நிறுவனம், ஒரு விளம்பரச் சலுகையில் சேர்ந்து நண்பர்களையும் சேர்த்தால் ஐபாட் இலவசம் என்றது. பலருக்கு ஐபாட் வரவும் செய்தது. ஆனால் 2006-இல் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் தொடுத்த வழக்கு ஐபாடைப் பற்றியது இல்லை. சேர்ந்தவர்களின் விவரங்களை விற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டு விற்றார்கள் என்பதுதான் குற்றச்சாட்டு.

இனி உங்களுக்குத் தூக்கம் கெடுக்கும் கேள்வி. 1978 சட்டத்தின் 3-ஆவது பிரிவு நடத்துபவரை மட்டும் தடுக்கவில்லை, சேருவதையும் பங்கெடுப்பதையும் தடுக்கிறது. 4-ஆவது பிரிவில் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். திட்டத்தை வளர்க்கும் நோக்கில் விளம்பரம் வெளியிடுவது 5-ஆவது பிரிவில் தனிக் குற்றம். உங்கள் ஸ்டேட்டஸ் படத்தை அதில் கொண்டுவர முடியாது என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. பயமுறுத்த இதை எழுதவில்லை. நடைமுறையில் போலீஸ் தேடுவது செயலியை நடத்தியவரையும், நிறைய ஆள் சேர்த்துக் கமிஷனில் வாழ்ந்தவரையும்தான். எட்டு பேரைச் சேர்த்து, தானும் 299 கட்டியவர் முதலில் போய்ப் புகார் கொடுத்தால் பெரும்பாலும் சாட்சியாகத்தான் நிற்பார். அந்த அக்கா முதலில் போனால், நீங்கள் எதிர்த்தரப்பாகத் தொடங்க வேண்டியிருக்கும். அதனால் அவரோடு சண்டை போடாதீர்கள், இரண்டு பேரும் சேர்ந்தே போங்கள்.

சைபர் க்ரைம் உதவி எண் 1930-க்கு அழைத்து அல்லது மத்திய அரசின் சைபர் க்ரைம் தளத்தில் இன்றே பதியுங்கள். இருபது நாள் கடந்துவிட்டதால் கட்டிய பணத்தை முடக்கிப் பிடிப்பது கஷ்டம், ஆனாலும் அந்தப் புகார் எண் பிற்பாடு உங்களைக் காக்கும். எழுத்துப் புகாரை மாவட்ட சைபர் க்ரைம் காவல் நிலையத்தில் கொடுத்து ரசீது வாங்குங்கள். இப்போதைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆவது பிரிவையும் (ஏமாற்றுதல்) 1978 சட்டத்தையும் புகாரில் குறிப்பிடுங்கள். வந்த 640 ரூபாயை மறைக்காதீர்கள். நீங்களே முதல் பத்தியில் எழுதிவிடுங்கள்.

நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். விலைக்குள் அடங்கிய பொருளை இலவசம் என்று காட்டுவது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நியாயமற்ற வணிக முறை. இந்தத் தொகைக்குக் கோர்ட்டுக் கட்டணமும் இல்லை, இரண்டு வருஷம் அவகாசம் இருக்கிறது. ஆனால் நோட்டீஸ் அனுப்ப ஒரு முகவரி வேண்டுமே! அது கிடைக்கும் வரை இதில் அலையாதீர்கள்.

மிக்சி வராத ஆறு பேருக்கும் ஆளுக்கு 299 திருப்பிக் கொடுக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். மொத்தம் 1,794 ரூபாய். கொடுக்க முடிந்தால் கொடுங்கள் என்பேன், யுபிஐ-யில், கணக்கில் தெரியும்படி. சட்டப்படி அது குற்றத்தை அழிக்காது, ஆனால் ஏமாற்றும் எண்ணம் உங்களுக்கு இல்லை என்று காட்ட உதவும்; குழுவில் முகம் பார்த்துப் பேசவும் முடியும்.

செயலியை அழிக்காதீர்கள். வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறும் முன் உரையாடலை ஏற்றுமதி செய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு யுபிஐ பரிவர்த்தனையின் 12 இலக்க எண்ணையும் குறித்து வையுங்கள். மிக்சியை விற்கவோ யாருக்கும் கொடுக்கவோ வேண்டாம். முக்கியமாக, அது வந்த அட்டைப்பெட்டி பரணில் இருந்தால் இப்போதே இறக்குங்கள். மேலே ஒட்டிய கூரியர் ஸ்டிக்கரில் அனுப்பியவர் பெயர், ஊர், பின்கோடு, பில் எண் இருக்கும். அந்தக் கம்பெனி உங்களுக்குத் தெரிந்தவரை இந்த உலகில் விட்டுச் சென்ற ஒரே முகவரி அதுதான்.