எம்எல்ஏவிடம் எதை முதலில் கேட்பது? – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வரும் நிதியாண்டில் எங்கள் சட்டமன்ற உறுப்பினர் செய்ய வேண்டியவை என்று இளைஞர்கள் சேர்ந்து ஒரு பட்டியல் தயாரித்திருக்கிறோம். ஊர் ஊராகக் கேட்டதில் 27 கோரிக்கைகள் சேர்ந்துவிட்டன. வாய்க்கால் பாலம், பள்ளிக்கு வகுப்பறை, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மருத்துவர், பேருந்து, மயானச் சாலை என எல்லாமே தேவையானவைதான். எதை முன்னால் வைப்பது என்பதில் எங்களுக்குள்ளேயே சண்டை. மக்கள்தொகை அதிகமுள்ள ஊருக்கு முதலிடம் தரலாம் என்கிறார்கள் சிலர். உங்கள் கருத்து என்ன?

(வாசகரின் பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

மக்கள்தொகையை வைத்து வரிசைப்படுத்த வேண்டாம். ஒவ்வொரு கோரிக்கைக்கு எதிரிலும் இரண்டு விஷயங்களை எழுதுங்கள்: பணம் யார் கையில் இருக்கிறது, கோப்பு எந்தக் கட்டத்தில் நிற்கிறது. இவை தெரியாமல் போடும் பட்டியலை எந்த எம்எல்ஏவும் அன்போடு வாங்கி வைத்துக்கொள்வார். அதோடு சரி.

அவர் நேரடியாகப் பரிந்துரைக்கக்கூடிய பணம் தொகுதி மேம்பாட்டு நிதி மட்டும்தான். ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அதிலும் ஒரு பகுதியை அரசு குறித்துள்ள வகைப் பணிகளுக்கே செலவிட வேண்டும். கேட்டவர்களுக்கெல்லாம் கொடுக்க வேண்டும் என்று நூறு ஊர்களுக்குப் பிரித்தால் ஊருக்கு 3 லட்சம்தான் வரும். ஒரு தெருவில் பாதி தூரம் சிமெண்ட் போட்டதோடு முடிந்துவிடும். அதனால் வகுப்பறை, அங்கன்வாடிக் கட்டடம், ரேஷன் கடை போல ஒரே ஆண்டில் கட்டி முடிக்கக்கூடிய நாலைந்தை மட்டும் இந்த நிதியில் கேளுங்கள். இடம் அரசுக்கோ உள்ளாட்சிக்கோ சொந்தமானது என்பதற்கான ஆவணத்தைக் கையோடு கொண்டுபோங்கள். எம்எல்ஏ கடிதம் கொடுத்த பிறகும் வேலை தொடங்காமல் கிடப்பதற்குப் பெரும்பாலும் இடத் தகராறுதான் காரணம். குடிநீர் சுத்திகரிப்பு நிலையம் கேட்பதாக இருந்தால், மின்கட்டணத்தையும் பராமரிப்பையும் ஊராட்சி ஏற்கும் என்ற தீர்மானத்தை முதலில் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் திறக்கப்பட்டுப் பூட்டிக் கிடப்பவை எத்தனையோ.

உங்கள் பட்டியலில் மிக முக்கியமானதாக எனக்குப் படுவது வாய்க்கால் பாலம். அதே சமயம் மிகவும் சிக்கலானதும் அதுதான். முதலில் அந்தச் சாலை யாருடையது என்று பாருங்கள்: நெடுஞ்சாலைத் துறையா, ஊராட்சி ஒன்றியமா, கிராம ஊராட்சியா? வாய்க்கால் நீர்வளத் துறையுடையது என்றால் அவர்களின் தடையின்மைச் சான்றும் வேண்டும். அதன் பிறகு மண் பரிசோதனை, வடிவமைப்பு, மதிப்பீடு, அணுகுசாலைக்கு (பாலத்தின் இருமுனைகளையும் சாலையோடு இணைக்கும் பகுதி) நிலம், நிர்வாக ஒப்புதல், தொழில்நுட்ப ஒப்புதல், ஒப்பந்தப்புள்ளி (டெண்டர்). நிலமெடுப்பு இழுத்துக்கொண்டே போனால் மதிப்பீடு பழசாகிவிடும். பொருள், கூலிக்கு அரசு வைத்திருக்கும் விலை விகிதப் பட்டியல் மாறும். திருத்திய மதிப்பீட்டோடு கோப்பு மறுபடியும் மேலே போகும். இடையில் மின்கம்பத்தையும் குடிநீர்க் குழாயையும் யார் செலவில் மாற்றுவது என்ற கேள்வி வேறு. இந்தச் செலவை முதல் மதிப்பீட்டிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். பாலம் கட்டப்பட்ட பிறகும் அணுகுசாலை இல்லாமல் ஆகாயத்தில் நிற்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. நிலத்தைக் கையகப்படுத்தும் முன்பே வேலையைத் தொடங்கியதால் வரும் வினை அது.

ஆகவே ‘பாலம் வேண்டும்’ என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். ‘இந்த ஆண்டுக்குள் மண் பரிசோதனையும் மதிப்பீடும் முடிய வேண்டும்’ என்று கேளுங்கள். கோப்பு ஒரு கட்டம் நகர்ந்ததா இல்லையா என்பதை ஆண்டு முடிவில் சரிபார்க்க முடியும்.

மருத்துவர், ஆசிரியர் விஷயம் வேறு. அனுமதிக்கப்பட்ட பணியிடம் இருந்து காலியாகக் கிடக்கிறதா, பணியிடமே இல்லையா? காலி என்றால் மாற்றுப்பணியிலோ (வேறு இடத்தில் இருப்பவரைத் தற்காலிகமாக அனுப்புவது) இடமாறுதல் கலந்தாய்விலோ ஆள் போடத் துறையால் முடியும். எம்எல்ஏ விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாலே பலன் கிடைக்கும். பணியிடமே இல்லையென்றால் நிதித் துறை இசைவோடு அரசாணை வர வேண்டும். தொகுதி நிதியில் கட்டடம் கட்டலாம், சம்பளம் கொடுக்க முடியாது. பேருந்து நேர மாற்றம் போன்றவற்றுக்கு முதலில் அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் கிளை மேலாளரைப் பாருங்கள். அதற்காகப் பட்டியலில் ஓர் இடத்தை வீணாக்க வேண்டாம்.

காலமும் முக்கியம். நிதிநிலை அறிக்கை பிப்ரவரி, மார்ச்சில் வாசிக்கப்படுகிறது என்றாலும், துறைகள் தங்கள் புதிய செலவுகளை அதற்குப் பல மாதங்கள் முன்பே எழுதி அனுப்பிவிடுகின்றன. ஜனவரியில் மாலையோடு போய்க் கேட்பவர்கள் ரயில் போன பிறகு நிலையத்துக்கு வந்தவர்கள். ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 கிராம சபைகளில் தீர்மானம் போட்டு, அதன் நகலை எம்எல்ஏ வழியாகவும் மாவட்ட ஆட்சியர் வழியாகவும் துறைக்கு அனுப்புங்கள்.

ஒவ்வொரு துறைக்கான நிதியையும் சட்டமன்றம் தனித்தனியாக விவாதிக்கும் மானியக் கோரிக்கை விவாதத்தில், உங்கள் கோரிக்கைக்குரிய துறையின் நாளில் உங்கள் எம்எல்ஏ பேசுவாரா என்று நேரடியாகவே கேளுங்கள். அவருக்குக் கிடைப்பது சில நிமிடங்கள். அதில் பாதி பாராட்டுரையில் போய்விட்டால் தொகுதிக்கு என்ன மிஞ்சும்? சாலையின் பெயர், மதிப்பீட்டுத் தொகை, கோப்பு நிற்கும் அலுவலகம் ஆகிய மூன்றையும் துண்டுத்தாளில் எழுதிக் கொடுங்கள். அமைச்சர் ‘பரிசீலிக்கப்படும்’ என்று சொன்னால்கூட அவைக்குறிப்பில் பதிவாகும். சட்டமன்றத்தில் தரப்படும் உறுதிமொழிகளைப் பின்தொடர்வதற்கென்றே ஒரு குழு இருக்கிறது. அமைச்சர் அறிவித்துவிட்டால் பட்டாசு வெடிக்க அவசரப்படாதீர்கள். அறிவிப்புக்கு அரசாணை வர வேண்டும், அரசாணைக்கு நிதி ஒதுக்கீடு வர வேண்டும். அரசாணை எண்ணையும் தேதியையும் கேட்டு வாங்குங்கள்.

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் ஸ்டாலின் எல்லா எம்எல்ஏக்களுக்கும் எழுதிய கடிதத்தில், தொகுதியின் 10 முக்கியக் கோரிக்கைகளை ஆட்சியரிடம் தரும்படி கேட்டிருந்தார். உங்கள் தொகுதியிலிருந்து அன்று போன பட்டியல் எது, அதில் எவை முடிந்தன என்பதைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குங்கள். உங்கள் பாலம் அதில் ஏற்கெனவே இருந்தால், பாதிக் கோப்பு எங்கோ தயாராகக் கிடக்கலாம். அந்தப் பதிலையும் கோப்பு எண்ணையும் மனுவோடு இணைத்து, எம்எல்ஏ அலுவலகத்தில் கொடுத்ததற்கு ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.