தைப்பேயில் அரை நாள்: ஹக்கா பூங்காவுக்குப் போகலாமா?

கேள்வி: அலுவலக வேலையாகத் தைவான் போகிறேன், அம்மாவும் வருகிறார். தைப்பேயில் அரை நாள்தான் ஓய்வு. அங்குள்ள ஹக்கா (தனி மொழி பேசும் ஒரு சீன இனக்குழு) பண்பாட்டுப் பூங்காவில், படங்களில் வருகிற வட்ட மண்வீடுகளைப் பார்க்க முடியுமா? அம்மா சுத்த சைவம்.

பதில்: அவசியம் போய் வாருங்கள். ஆனால் வட்ட வீடுகள் அங்கே இல்லை. அவை சீனாவின் ஃபூஜியன் மலைப்பகுதியில் இருக்கின்றன. 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தவை. அந்த மாதிரியில் புதிதாகக் கட்டிய கட்டடம் ஒன்று தைவானின் மியாவ்லி அதிவேக ரயில் நிலையத்தருகே உண்டு. அரை நாளுக்குள் அதையும் திணிக்காதீர்கள்.

தைப்பே பூங்கா 2011இல் திறந்தது. மெட்ரோவில் டைபவர் பில்டிங் நிலையத்தில் இறங்கினால் நடந்தே போய்விடலாம், கட்டணம் இல்லை. திங்கட்கிழமை மட்டும் வேண்டாம், காட்சிக்கூடங்கள் மூடியிருக்கும். நகரத்துக்கு நடுவே வயலும் தேயிலைச் செடிகளும் பார்ப்பது தனி சுகம். காலையிலேயே போனால் அம்மாவுக்கு வெயில் தெரியாது.

ஆனால் என்னைக் கேட்டால், அங்கே கவனிக்க வேண்டியது மொழியைத்தான். பள்ளியில் ஹக்கா பேசியதற்காகப் பிள்ளைகள் தண்டிக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. 1988 டிசம்பர் 28 அன்று 'எங்கள் தாய்மொழியைத் திருப்பிக் கொடு' என்று ஹக்கா மக்கள் தைப்பே வீதியில் ஊர்வலம் போனார்கள். 2018இல் சட்டத் திருத்தம் வழியாக ஹக்கா மொழி தைவானின் தேசிய மொழிகளில் ஒன்றானது. இதைத் தெரிந்துகொண்டு போனால், காட்சிக்கூடத்தில் கேட்கும் ஒரு பாட்டியின் குரல்கூட வேறு மாதிரி ஒலிக்கும். விடைபெறும்போது மாண்டரினில் 'ஷியே ஷியே' சொல்வதற்குப் பதில் ஹக்காவில் 'அன் ஸு ஸெ' என்று நன்றி சொல்லிப் பாருங்கள்.

சாப்பாட்டில்தான் கவனம் தேவை. ஹக்கா சமையலில் பன்றிக்கறியும் கொழுப்பும் அதிகம். அரிசி நூடுல்ஸில்கூடக் கலந்திருக்கும். நம்மூர் 'ஹக்கா நூடுல்ஸ்' கொல்கத்தாவில் குடியேறிய சீனர்கள் வழி வந்த பெயர், அதை அங்கே தேட வேண்டாம். மாண்டரினில் 'வோ ச்சி சூ' என்றால் 'நான் சைவம்' என்று புரிந்துகொள்வார்கள். ஆனால் முட்டை சேர்ப்பார்களா என்று தனியாகக் கேளுங்கள்.

எங்காவது லெய் சா என்ற அரைத்த தேநீர் கிடைத்தால் அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள். உள்ளே வரிவரியாகக் கீறிய மண்சட்டியில் தேயிலை, வேர்க்கடலை, எள் மூன்றையும் மரக்குழவியால் சுற்றிச் சுற்றி அரைப்பார்கள். எண்ணெய் கசிந்து மாவு பசையாகும்வரை கை ஓயக் கூடாது. பிறகு வெந்நீர் ஊற்றி, மேலே அரிசிப்பொரி. குழவியை அம்மா கையில் கொடுக்கச் சொல்லுங்கள். நம் வீட்டு அம்மாக்களுக்கு இதைச் சொல்லித்தரவே வேண்டாம்.