பிகாசாவை விட்டு எந்த மென்பொருளுக்கு மாறலாம்?

பழைய கணினியில் பல வருடக் குடும்பப் படங்களைக் கூகுளின் பட ஆல்ப மென்பொருளான பிகாசாவில் வைத்திருக்கிறீர்கள், புதுக் கணினிக்குப் போகும்போது எதற்கு மாறுவது என்று கேட்டிருக்கிறீர்கள். மாற்றைப் பிறகு தேடிக்கொள்ளலாம். பழையது இன்னும் திறக்கும்போதே அதிலிருந்து எதையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும் என்பதுதான் முதல் வேலை.

கூகுள் 2016 மார்ச்சோடு பிகாசாவைக் கைவிட்டது. ஆனாலும் ஏற்கெனவே போட்டிருந்த விண்டோஸ் கணினிகளில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த விஷயத்தில் நாம் கொடுத்துவைத்தவர்கள். ஆப்பிளின் அப்பர்ச்சர் என்ற பட மென்பொருளை நம்பியிருந்தவர்களுக்கு, அதை நிறுத்தப்போவதாக 2014இல் அறிவிப்பு வந்தது, மொஹாவி என்ற இயங்குதளப் பதிப்புக்குப் பிந்தைய மேக்கில் அது திறக்கவே திறக்காது.

பிகாசா மூலப் படத்தைத் தொடாது. நீங்கள் வெட்டியது, வெளிச்சம் கூட்டியது எல்லாம் ஒவ்வொரு ஃபோல்டரிலும் மறைந்திருக்கும் ஒரு சின்ன ஐஎன்ஐ கோப்பில்தான் (அமைப்புகளை எழுதிவைக்கும் உரைக் கோப்பு) இருக்கும். படங்களை மட்டும் பொறுக்கி பென்டிரைவில் போட்டால், திருத்தாத படங்கள்தான் வந்து சேரும். பிகாசாவிலேயே 'சேவ்' கொடுத்திருந்தால் திருத்தம் படத்தில் ஏறியிருக்கும், மூலப்படம் அதே ஃபோல்டருக்குள் இன்னொரு மறைவு ஃபோல்டரில் இருக்கும். ஆகவே மறைந்திருப்பவற்றையும் சேர்த்து, ஃபோல்டரை முழுசாகக் காப்பி எடுங்கள்.

திருத்தங்களுக்காக ரொம்பக் கவலைப்படாதீர்கள். முக்கியமானவற்றை மட்டும் 'எக்ஸ்போர்ட்' செய்து தனியாக வைத்தால் போதும். மீதியை இன்றைய மென்பொருளில் திருத்தினால் பெரும்பாலும் பழையதைவிட நன்றாகவே வரும். படத்துக்குக் கீழே எழுதிய குறிப்புகள் ஜேபெக் கோப்புக்குள்ளேயே இருப்பதால் அவற்றுக்கும் ஆபத்தில்லை.

முகங்களுக்கு வைத்த பெயர்கள்தான் விஷயம். எங்கள் வீட்டில் ஸ்கேன் செய்த பழைய கல்யாணப் படங்களுக்கு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து "இது மன்னார்குடி அத்தை, அது அவங்க மச்சினர்" என்று சொல்லச் சொல்ல நான் பெயர் அடித்தேன். அதில் பாதிப் பேரை அடையாளம் சொல்ல இன்று ஆள் கிடையாது. நிறத்தை எப்போது வேண்டுமானாலும் சரிசெய்யலாம், இதை முடியாது. இந்தப் பெயர்களும் இயல்பாகப் படத்துக்குள் இருப்பதில்லை. ஐஎன்ஐ கோப்பில் ஒரு குறியீடு இருக்கும், அதற்குரிய பெயர் வேறோர் இடத்தில் தொடர்புப் பட்டியலில் இருக்கும்.

உங்களிடம் இருப்பது 3.9 பதிப்பு என்றால் 'டூல்ஸ்' மெனுவில் 'எக்ஸ்பெரிமென்டல்' என்பதற்குள் 'ரைட் ஃபேசஸ் டு எக்ஸ்எம்பி' என்று இருக்கும் (எக்ஸ்எம்பி என்பது படத்தைப் பற்றிய தகவலை எழுதிவைக்கும் ஒரு பொது முறை). அதைக் கொடுத்தால் பெயரும் முகம் இருக்கும் இடமும் படக் கோப்புக்குள்ளேயே எழுதப்படும். கோப்புகள் மாறும் வேலை என்பதால் முன்கூட்டியே வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு பிரதி எடுத்துவிடுங்கள். படம் நிறைய இருந்தால் இரவில் ஓடவிட்டுத் தூங்கப் போவது உத்தமம்.

இனி மாற்று. குடும்ப ஆல்பத்துக்கு என் ஓட்டு டிஜிகேமுக்கு. இலவசம், திறந்த மூல மென்பொருள், விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும், இணையம் இல்லாமலே முகம் தேடும், எக்ஸ்எம்பியில் எழுதிய முகப்பெயர்களையும் படிக்கும். அழகு என்று சொல்ல மாட்டேன். மெனுவுக்குள் மெனு, முதல் முறை படங்களை வாசிக்க நேரம் எடுக்கும், பிகாசாவின் 'ஐம் ஃபீலிங் லக்கி' பொத்தானின் சுகமும் அதில் கிடைக்காது. போட்டவுடன் அமைப்புகளில் 'மெட்டாடேட்டா' (படம் பற்றிய தகவல்) பகுதிக்குப் போய், முகக் குறிச்சொற்களைக் கோப்பிலேயே எழுதும்படி டிக் செய்துவிடுங்கள். நாளைக்கு டிஜிகேமும் நின்றுபோனால் இதே கூத்தை மறுபடி ஆட வேண்டாம்.

கேமராவில் ரா படங்கள் (கேமரா மெருகேற்றாமல் அப்படியே தரும் கோப்புகள்) எடுப்பவர் என்றால் டார்க்டேபிள் பாருங்கள். அதுவும் இலவசம்தான், பழகத்தான் பொறுமை வேண்டும். லைட்ரூம் கிளாசிக் அருமையான கருவி, ஆனால் சந்தா. கட்டுவதை நிறுத்தினால் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், ஆனால் படங்களைத் திருத்தும் 'டெவலப்' பகுதி பூட்டிக்கொள்ளும். தொழிலாகச் செய்பவருக்கு அது கட்டுப்படியாகும், வீட்டு ஆல்பத்துக்கு மாதாமாதம் வாடகை தேவையில்லை என்பது என் கருத்து.

எதைத் தேர்ந்தாலும் முதலில் பெயர் நிறைய இருக்கும் ஒரே ஒரு ஃபோல்டரை மட்டும் ஏற்றிப் பாருங்கள். முகத்தின் மேல் பெயர் சரியாக வந்து நின்றால் மற்றதை ஏற்றலாம்.