முன்சக்கர ஆட்டம்: வாசகர் கேள்விகள்

என் எம்ஜிபி காரின் முன்சக்கரம் ஆடுகிறது. வீல் பேரிங்கா, கிங்பின்னா? (காரைக்குடி)

ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்த பிறகு, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். அப்போதே ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். ஆட்டம் நின்றால் பேரிங். நிற்காவிட்டால் கிங்பின் (ஸ்டியரிங்கைத் திருப்பும்போது சக்கரம் திரும்பும் அச்சு) அல்லது கீழ் புஷ். பக்கவாட்டில் மட்டும் ஆடினால், ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராட் முனையைப் பாருங்கள். 5000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிங்பின்னுக்கு கிரீஸ் அடித்தீர்களா?

முன்பக்கம் டக் டக் சத்தம். என்ன கோளாறு? (தேவகோட்டை)

என்ன வண்டி? சத்தம் குழியிலா, திருப்பத்திலா, பிரேக் பிடிக்கும்போதா? ஒன்றுமே எழுதாமல் கேட்டால் எப்படிச் சொல்வது? ஓட்டிப் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

என் கார் டிரையம்ப் ஸ்பிட்ஃபயர். டிரனியனுக்குத் தவறாமல் கிரீஸ் அடித்தும் ஸ்டியரிங் கனக்கிறது. (கானாடுகாத்தான்)

கிரீஸ்தான் கோளாறே! டிரனியனுக்கு வேண்டியது இபி 90 கியர் ஆயில். இதை எத்தனை முறை எழுதுவது! டிரனியன் என்பது சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து லிங்க்கின் அடியில் இருக்கும் வெண்கல மூட்டு. ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அதற்குள் லிங்க்கின் மரை சுற்றுகிறது. கிரீஸ் அடிமரை வரை இறங்காது. நாளாக ஆக இறுகி வழியை அடைக்கும். மழைத்தண்ணீர் உள்ளே தங்கி மரையைத் துரு தின்னும். ஒருநாள் லிங்க் ஒடிந்து சக்கரம் மடிந்துவிடும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டிலும் இதே அமைப்புதான். அதில் வேலை பார்த்த பழைய மெக்கானிக்குகளுக்கு இது அத்துப்படி. இன்றைக்கோ நிப்பிளைக் கண்டாலே கிரீஸ் கன்னை நீட்டுகிறார்கள்.

இரண்டு பக்கமும் கழற்றி மண்ணெண்ணெயில் கழுவுங்கள். மரையைத் துடைத்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். புள்ளி புள்ளியாக அரித்திருந்தால் லிங்க்கை மாற்றியே ஆகவேண்டும். பட்டறையில் பற்றவைத்துத் தருகிறேன் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், உயிர் போகிற விஷயம். இடது, வலது மரைகள் வேறு வேறு, மாற்றிப் போடாதீர்கள். மரை நன்றாக இருந்தால் பூட்டி, மேலே கசியும் வரை ஆயில் அடியுங்கள். ஒவ்வொரு சர்வீஸிலும் இதைச் செய்யுங்கள்.

எம்ஜிபியின் முன் ஷாக் அப்சார்பர் ஒழுகுகிறது. கழற்றிவிட்டு ஓட்டலாமா? (பள்ளத்தூர்)

கூடவே கூடாது. அதன் கைதான் மேல் ஆர்ம். கழற்றினால் சக்கரத்துக்கு மேலே பிடிமானமே இல்லை. ஆயில் ஊற்ற ஊற்ற ஒழுகினால் ரீகண்டிஷன் செய்த செட் வாங்குங்கள்.

எம்ஜிபியில் புது டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது. அலைன்மெண்ட் பார்த்தும் பயனில்லை. (புதுவயல்)

ஆட்டத்தை வைத்துக்கொண்டு அலைன்மெண்ட் பார்த்தால் காசு தண்டம். முதலில் புஷ், கிங்பின், பேரிங். அப்புறம் டோ-இன் (முன்சக்கரங்களின் முன்பக்கம் உள்நோக்கித் திரும்பியிருக்கும் அளவு) 2 மில்லிமீட்டர் சுமாருக்கு வையுங்கள். அடியில் படுக்கும்போது ஜாக்கியை மட்டும் நம்பாதீர்கள், ஸ்டாண்டு வையுங்கள்.